எடிட் முடிந்தும் டிஸ்க் காலியாகவில்லையா? ரெண்டர் விட்டுச்சென்ற ஜிபிக்களை மீட்பது

கல்யாண வீடியோ முடிந்து பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தாயிற்று. கேமரா ஃபைல்களைப் பேக்கப் டிஸ்க்குக்கு மாற்றி, எடிட் டிரைவிலிருந்து நீக்கியும் ஆயிற்று. ஆனாலும் 2 டிபி டிரைவின் அளவுக்கோடு சிவப்பிலேயே நிற்கிறது. புது டிரைவ் வாங்கக் கிளம்பும் முன் இருப்பதை ஒருமுறை முறையாகத் துழாவிப் பாருங்கள். வீடியோ வேலை நடக்கும் கணினியில் யாருக்கும் தேவைப்படாத தற்காலிக ஃபைல்கள் நூற்றுக்கணக்கான ஜிபியைப் பிடித்திருப்பது சாதாரணம்.

ஏன் இவ்வளவு என்பதற்குக் கணக்கு எளிது. 4கே கேமரா வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எச்.264 என்ற அமுக்கப்பட்ட வடிவில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். அதே ஒரு மணி நேரத்தை டைம்லைனில் தடங்கலின்றி ஓட்டுவதற்காக மென்பொருள் புரோரெஸ் 422 எச்க்யூ என்ற, குறைவாகவே அமுக்கப்பட்ட வடிவில் மாற்றி வைத்தால், 25 ஃப்ரேம் கணக்கில் வினாடிக்கு 737 மெகாபிட். மணிக்குச் சுமார் 330 ஜிபி. ஃபுல் எச்டியில் அதே வடிவம் மணிக்குச் சுமார் 83 ஜிபி கேட்கும். ஆக, தற்காலிக நகல் மூல ஃபைலைவிட ஏழு மடங்கு பெரிதாக இருக்கலாம். கேமரா ஃபைலை அழித்து 45 ஜிபி மீட்டவர், பக்கத்திலேயே இருக்கும் 330 ஜிபியைக் கவனிக்காமல் விட்டிருப்பார்.

இந்த மிச்சங்கள் இரண்டு வகை. இரண்டையும் ஒரே மாதிரி கையாளக் கூடாது. முதல் வகை, மென்பொருள் தெரிந்தே வைத்திருக்கும் கேஷ். ப்ராஜெக்டை மறுபடி திறந்தால் வேகமாக வரவேண்டும் என்பதற்காக வைத்திருக்கிறது. வேலை முடிந்துவிட்டது என்று நாம் சொல்லாதவரை அதற்குத் தெரியாது. இரண்டாம் வகை, அநாதை ஃபைல்கள். ரெண்டர் (எடிட்டைக் கணித்து வீடியோவாக எழுதும் வேலை) பாதியில் மின்சாரம் போனது, மென்பொருள் நின்றுபோனது, டாஸ்க் மேனேஜரில் போய் நாமே நிறுத்தினோம் என்று ஏதோ ஒரு காரணத்தால், உருவாக்கிய மென்பொருளே மறந்துவிட்டவை. தற்காலிக ஃபைலை அழிப்பது பெரும்பாலும் வேலையின் கடைசிப் படி. அந்தக் கடைசிப் படிக்கு மென்பொருள் போய்ச் சேரவில்லை என்றால் ஃபைல் அப்படியே தங்கிவிடும். முதல் வகையை மென்பொருளுக்குள் இருந்தே அழிக்க வேண்டும். இரண்டாம் வகையைக் கையால் தேடித்தான் அழிக்க முடியும்.

எங்கே போனது என்று முதலில் பாருங்கள்

ஒவ்வொரு ஃபோல்டராக வலது கிளிக் செய்து அளவு பார்ப்பது நேரவிரயம். விண்டோஸில் விஸ்ட்ரீ என்ற மென்பொருள் (தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம்), என்டிஎஃப்எஸ் டிரைவின் ஃபைல் அட்டவணையை நேரடியாகப் படிப்பதால் பெரிய டிரைவையும் சில வினாடிகளில் அலசிவிடும். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். இல்லையென்றால் வேகமும் குறையும், சில ஃபோல்டர்களும் கண்ணில் படாது. மேக்கில் கிராண்ட்பெர்ஸ்பெக்டிவ், லினக்ஸில் என்சிடியு அல்லது க்னோமின் பாவோபாப் இதே வேலையைச் செய்யும்.

பட்டியலை அளவு வாரியாக அடுக்கியதும் உடனே அழிக்கத் தொடங்காதீர்கள். தேதியையும் பாருங்கள். ஒரே ஃபோல்டரில் ஒரே நாளில் உருவான, புரியாத நீண்ட பெயர்கள் கொண்ட ஆயிரக்கணக்கான ஃபைல்கள் என்றால் அது பெரும்பாலும் கேஷ். இன்றைக்கு மாற்றப்பட்டவை எதையும் தொடாதீர்கள். பின்னணியில் ஏதாவது ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கலாம்.

பிரீமியர் புரோ

தமிழ்நாட்டின் கல்யாண ஸ்டூடியோக்களில் நிறையப் பேர் கையாளும் மென்பொருள் என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன். பிரீமியரில் இடம் போவது மூன்று தனித்தனி இடங்களில். ஒன்றை அழித்தால் மற்றது போகாது. இது தெரியாமல்தான் பலர் "கேஷ் க்ளியர் பண்ணியும் இடம் வரவில்லை" என்கிறார்கள்.

முதலாவது மீடியா கேஷ். விண்டோஸில் இது சி டிரைவில், பயனர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, ரோமிங், அடோபி, காமன் என்ற வழியில் இருக்கும். ஏஏசி போன்ற அமுக்கப்பட்ட ஒலியை விரித்து வைக்கும் சிஎஃப்ஏ ஃபைல்களும், ஒலி அலையின் வடிவத்தைக் காட்டும் பிஇகே ஃபைல்களும் இங்கே சேரும். சிஎஃப்ஏ என்பது 32 பிட் ஒலி. 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவுக்கு மணிக்கு ஏறத்தாழ 1.4 ஜிபி. மூன்று கேமராக்கள், ஒவ்வொன்றிலும் எட்டு மணி நேரப் பதிவு என்றால் ஒலிக்கு மட்டும் 33 ஜிபி. சி டிரைவ் 256 ஜிபி எஸ்எஸ்டியாக இருந்தால் இரண்டு மூன்று கல்யாணத்திலேயே விண்டோஸ் திணறத் தொடங்கும். விண்டோஸின் டிஸ்க் க்ளீனப்போ ஸ்டோரேஜ் சென்ஸோ இதைத் தொடாது. அவை பார்ப்பது டெம்ப் ஃபோல்டர்களை. இது இருப்பதோ ரோமிங்கில்.

அழிக்க: எடிட் மெனுவில் பிரிஃபரன்ஸஸ், அதில் மீடியா கேஷ், அங்கே டெலீட். இரண்டு தெரிவுகள் வரும். பயன்படாத கேஷை மட்டும் அழிப்பது ஒன்று, எல்லாவற்றையும் அழிப்பது இன்னொன்று. எல்லாவற்றையும் அழிக்கும் தெரிவு மங்கலாகத் தெரிந்தால் ஏதோ ப்ராஜெக்ட் திறந்திருக்கிறது என்று பொருள். பிரீமியரை மூடி, எந்த ப்ராஜெக்டும் திறக்காமல் முகப்புத் திரையில் இருந்தபடியே பிரிஃபரன்ஸஸுக்குப் போங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், மீடியா என்கோடர், ஆடிஷன் ஆகியவையும் இதே கேஷைப் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றையும் மூடிவிட்டுச் செய்யுங்கள். மூல ஃபைலுக்கும் ப்ராஜெக்டுக்கும் எதுவும் ஆகாது. ஆனால் அடுத்த முறை ப்ராஜெக்டைத் திறக்கும்போது கேஷ் மறுபடி உருவாகும், பெரிய ப்ராஜெக்டில் அதற்குக் கணிசமான நேரம் பிடிக்கும். நாளைக்கு டெலிவரி என்றால் இன்றிரவு இந்த வேலை வேண்டாம்.

இரண்டாவது பிரிவ்யூ ஃபைல்கள். டைம்லைனில் சிவப்புக் கோட்டைப் பச்சையாக்க எண்டர் தட்டும்போது உருவாகுபவை. இவை ப்ராஜெக்ட் ஃபைலுக்குப் பக்கத்திலேயே வீடியோ பிரிவ்யூஸ் என்று முடியும் ஃபோல்டரில், ப்ராஜெக்ட் பெயரில் சேரும். மேலே சொன்ன டெலீட் பொத்தான் இவற்றைத் தொடாது. சீக்வென்ஸை, அதாவது அந்த டைம்லைனைத் திறந்து, சீக்வென்ஸ் மெனுவில் டெலீட் ரெண்டர் ஃபைல்ஸ் கொடுக்க வேண்டும். அது அந்த ஒரு சீக்வென்ஸுக்கு மட்டும்தான் பொருந்தும். முகூர்த்தம், ரிசப்ஷன், ஹைலைட்ஸ் என்று தனித்தனி சீக்வென்ஸ் வைத்திருந்தால் ஒவ்வொன்றிலும் செய்ய வேண்டும். ப்ராஜெக்டை வேறு பெயரில் சேமித்து அதில் தொடர்ந்திருந்தால், பழைய பெயரில் உள்ள பிரிவ்யூ ஃபோல்டர் பின்னால் தங்கிவிடும். வேலை முழுவதும் முடிந்த ப்ராஜெக்ட் என்றால் பிரீமியரை மூடிவிட்டு அந்த ஃபோல்டரையே கையால் நீக்கிவிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தற்காலிக ஃபைல்களின் இடத்தைச் சொல்லும் ஸ்க்ராட்ச் டிஸ்க் அமைப்பில் கேப்சர்டு ஆடியோ என்று ஓர் இடம் இருக்கிறது. டைம்லைனிலேயே மைக் வைத்துப் பதிந்த வாய்ஸ்-ஓவர் அங்கேதான் போகும். பெயரைப் பார்த்தால் தற்காலிகமாகத் தோன்றும். ஆனால் அந்தக் குரலுக்கு உலகத்தில் வேறு நகல் கிடையாது. பிரிவ்யூ ஃபோல்டரை மட்டும் அழியுங்கள், பக்கத்தில் உள்ள டபிள்யூஏவி ஃபைல்களை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்த பிறகே முடிவெடுங்கள். ஆட்டோ-சேவ் ஃபோல்டரும் அப்படியே. அது எடுக்கும் இடம் அற்பம், ஒரு நாள் காப்பாற்றும்.

மூன்றாவது, எக்ஸ்போர்ட் செய்யும் ஃபோல்டர். எச்.264-ஆக எக்ஸ்போர்ட் செய்யும்போது அடோபி மென்பொருள் படத்தை எம்4வி ஃபைலாகவும் ஒலியை ஏஏசி ஃபைலாகவும் தனித்தனியே எழுதி, கடைசியில் இரண்டையும் எம்பி4-ஆகச் சேர்க்கும். இணைக்கும் முன் நின்றுபோனால் இரண்டும் அங்கேயே கிடக்கும். எம்பி4 முழுதாக ஓடுகிறதா என்று கடைசி நிமிடம் வரை இழுத்துப் பார்த்துவிட்டு, அதே பெயரில் உள்ள எம்4வி, ஏஏசி ஃபைல்களை நீக்குங்கள்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்குத் தனியாக டிஸ்க் கேஷ் உண்டு. அதன் பிரிஃபரன்ஸஸில் மீடியா அண்ட் டிஸ்க் கேஷ் பகுதியில் காலி செய்யலாம். ஒவ்வொரு பெரிய பதிப்பும் தனக்கென ஒரு கேஷ் ஃபோல்டர் வைத்துக்கொள்வதால், புதிய பதிப்புக்கு மாறிய பின் பழையதன் கேஷ் கேட்பாரற்றுக் கிடக்கும். விஸ்ட்ரீயில் பதிப்பு எண்ணோடு அது கண்ணில் படும்.

டாவின்சி ரிசால்வ்

எடிட்டுக்கும் கலர் வேலைக்குமான மென்பொருளான ரிசால்வில் இடம் போகும் வேகம் பிரீமியரைவிட அதிகம். ரெண்டர் கேஷுக்கு உயர்தர புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் வடிவத்தைத் தேர்ந்திருந்தால், மேலே சொன்ன மணிக்கு 330 ஜிபி கணக்கு அப்படியே இங்கே பொருந்தும். தானாகவே ரெண்டர் செய்து வைக்கும் ஸ்மார்ட் கேஷ் இயக்கத்தில் இருந்தால், நீங்கள் தேநீர் குடிக்கப் போன நேரத்திலும் அது எழுதிக்கொண்டிருக்கும்.

அழிக்கும் வழி பிளேபேக் மெனுவில் டெலீட் ரெண்டர் கேஷ். ஆல், அன்யூஸ்டு, செலக்டட் கிளிப்ஸ் என்று மூன்று தெரிவு. எடிட் எளிதாக ஓட மென்பொருள் தயாரிக்கும் மாற்று நகல்களான ஆப்டிமைஸ்டு மீடியாவும் ப்ராக்சியும் வேறு கணக்கு. ரெண்டர் கேஷை அழித்தால் அவை போகாது, தனியாக அழிக்க வேண்டும்.

ரிசால்வில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வரிசையை. கேஷ் அழிக்கும் மெனு, திறந்திருக்கும் ப்ராஜெக்டுக்கு மட்டுமே வேலை செய்யும். ப்ராஜெக்ட் மேனேஜரில் போய் முதலில் ப்ராஜெக்டை அழித்துவிட்டால், அதன் கேஷ் டிஸ்க்கில் தங்கிவிடும். அதை அழிக்கும் மெனுவுக்குள் போக இனி வழியில்லை. ஆகவே முதலில் கேஷை அழிக்க வேண்டும். பிறகு ப்ராஜெக்டை எக்ஸ்போர்ட் செய்து பேக்கப்பில் வைக்க வேண்டும். கடைசியாகத்தான் ப்ராஜெக்டை நீக்க வேண்டும்.

ஏற்கெனவே வரிசை மாறிப்போயிருந்தால் கேஷ்கிளிப் என்ற ஃபோல்டருக்குப் போங்கள். ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் மாஸ்டர் செட்டிங்ஸ், வொர்க்கிங் ஃபோல்டர்ஸ் பகுதியில் அதன் இடம் எழுதியிருக்கும். உள்ளே எண்ணும் எழுத்தும் கலந்த நீண்ட பெயர்களில் ஃபோல்டர்கள் இருக்கும். எது எந்தக் கல்யாணம் என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே சிறிய டெக்ஸ்ட் ஃபைல் இருந்தால் திறந்து பாருங்கள், ப்ராஜெக்ட் பெயர் கிடைக்கும். கிடைக்கவில்லை என்றால் தேதியை வைத்து முடிவு செய்யுங்கள். ரிசால்வை மூடிவிட்டு, சந்தேகப்படும் ஃபோல்டரின் பெயரை மட்டும் மாற்றி வைத்து, நடப்பில் உள்ள ப்ராஜெக்டுகளைத் திறந்து பாருங்கள். டைம்லைனில் கேஷ் இருப்பதைக் காட்டும் நீலக் கோடு சிவப்பாகத் திரும்பாவிட்டால் அது பழையது.

கேஷ்கிளிப்புக்குப் பக்கத்தில் கேலரி என்ற ஃபோல்டரும் இருக்கும். புள்ளியில் தொடங்கும் பெயர். அதுவும் கேஷ் என்று எண்ணி அழித்துவிடாதீர்கள். நீங்கள் எடுத்து வைத்த ஸ்டில்களும் அவற்றோடு சேர்ந்த கலர் கிரேடுகளும் அங்கேதான் இருக்கின்றன.

ஃபைனல் கட் புரோவில் இந்தத் தொல்லை குறைவு. லைப்ரரியைத் தேர்ந்து, ஃபைல் மெனுவில் டெலீட் ஜெனரேட்டட் லைப்ரரி ஃபைல்ஸ் கொடுத்தால் ரெண்டர், ஆப்டிமைஸ்டு, ப்ராக்சி மூன்றையும் ஒரே இடத்தில் கேட்டு அழிக்கும். லைப்ரரியின் உள்ளே புகுந்து கையால் எதையும் நீக்க வேண்டாம்.

என்கோடிங் பாதியில் நின்றால் மிஞ்சுபவை

வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும் (என்கோடிங்) ஹேண்ட்பிரேக்கோ எஃப்எஃப்எம்பெக்கோ பாதியில் நின்றால் மிகப் பெரிய மிச்சம் பாதி எழுதப்பட்ட வெளியீட்டு ஃபைல்தான். எம்பி4-இல் எந்த ஃப்ரேம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் மூவ் என்ற அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படும். அது இல்லாததால் 20 ஜிபி ஃபைல் இருந்தும் எந்தப் பிளேயரிலும் திறக்காது. மூலம் கையில் இருந்தால் தயங்காமல் அழியுங்கள். ஆனால் அது கேமராவோ ஸ்க்ரீன் ரெக்கார்டரோ எழுதிய ஒரே பதிவாக இருந்தால் நிறுத்துங்கள். அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், அன்ட்ரங்க் போன்ற கருவிகள் அட்டவணையை மறுபடி கட்டிப் பெரும்பகுதியை மீட்டுத் தரக்கூடும். பாதி எழுதிய எம்கேவி பெரும்பாலும் ஓடும். முன்னும் பின்னும் இழுப்பதுதான் சிரமம். ஓபிஎஸ் என்ற திரைப்பதிவு மென்பொருளில் எம்கேவியாகப் பதிந்து எம்பி4-ஆக ரீமக்ஸ் (தரம் மாறாமல் ஃபைல் வடிவத்தை மட்டும் மாற்றுவது) செய்பவர்களிடம் ஒவ்வொரு பதிவும் இரண்டு நகலாக இருக்கும். ரீமக்ஸ் முடிந்ததும் எம்கேவி தானாகப் போகாது.

வீடியோவை இரண்டு சுற்றாக அலசும் டூ-பாஸ் என்கோடிங்கில் முதல் சுற்றின் கணக்குகள் லாக் ஃபைலிலும், எம்பிட்ரீ என்று முடியும் இன்னொரு ஃபைலிலும் எழுதப்படும். எம்பிட்ரீ சிறியதல்ல. ஃபுல் எச்டி ஃப்ரேமில் 8,160 மேக்ரோபிளாக்குகள் (படத்தின் சிறு கட்டங்கள்), ஒவ்வொன்றுக்கும் 2 பைட், அதாவது பதிவாகும் ஒரு ஃப்ரேமுக்கு 16 கேபி. ஒரு முழுநீளப் படத்துக்கு அது நூற்றுக்கணக்கான எம்பியைத் தாண்டும். எஃப்எஃப்எம்பெக் இதைக் கட்டளை கொடுத்த ஃபோல்டரிலேயே போடும், இரண்டாம் சுற்று வெற்றிகரமாக முடிந்தாலும் அழிக்காது. முதல் சுற்று பாதியில் நின்றிருந்தால் அதே பெயரின் கடைசியில் டெம்ப் என்று ஒட்டியிருக்கும். இரண்டும் நீக்கத்தக்கவை.

ஏவி1 என்ற வீடியோ வடிவத்துக்கு ஏவி1ஏஎன் கருவியைக் கையாள்பவர்கள் மறைவு ஃபோல்டர்களைக் காட்டச் சொல்லித் தேடுங்கள். வீடியோவைத் துண்டு துண்டாக்கி வைக்கும் அதன் தற்காலிக ஃபோல்டரின் பெயர் புள்ளியில் தொடங்கும். லினக்ஸில் சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. வேலை முடிந்தால் தானே அழித்துக்கொள்ளும், நின்றுபோனால் தொடர்வதற்காக வைத்திருக்கும். தொடரப்போவதில்லை என்றால் அழியுங்கள்.

பிஎன்ஜி வரிசையாக ரெண்டர் செய்த ஃபோல்டர்கள் தனி ரகம். ஒரு நிமிடத்துக்கு 1,500 ஃப்ரேம், ஃப்ரேமுக்கு 3 எம்பி என்றால் நிமிடத்துக்கு 4.5 ஜிபி. பத்து நிமிட அனிமேஷன் வீடியோவாகி முடிந்த பின்னும் 45 ஜிபி படங்களாகக் கிடக்கும். லட்சக்கணக்கில் இருந்தால் எக்ஸ்ப்ளோரரில் தேர்ந்து அழிக்காதீர்கள், எண்ணி முடிக்கவே நேரம் போய்விடும். கமாண்ட் பிராம்ப்டில் ஃபோல்டரை உள்ளடக்கத்தோடு நீக்கும் கட்டளை பல மடங்கு வேகம்.

அழித்தும் இடம் திரும்பவில்லை என்றால்

விண்டோஸில் ஒவ்வொரு டிரைவுக்கும் தனி ரீசைக்கிள் பின் உண்டு. டி டிரைவில் அழித்தது டி டிரைவிலேயே தங்கும். ஷிஃப்ட் அழுத்தி அழிப்பது இடத்தை உடனே தரும், ஆனால் மீட்க முடியாது. எனவே பின்னில் போட்டு, ப்ராஜெக்டுகளைத் திறந்து பார்த்துவிட்டுக் காலி செய்வதே நல்லது. மேக்கில் வெளி டிரைவிலிருந்து அழித்ததும் அந்த டிரைவின் மறைவு ஃபோல்டரில்தான் கிடக்கும். டிரைவைச் செருகியபடியே டிராஷைக் காலி செய்ய வேண்டும்.

மேக்கில் இன்னொரு காரணம் டைம் மெஷினின் லோக்கல் ஸ்னாப்ஷாட். அழித்த ஃபைலின் பழைய நிலையை அது பிடித்து வைத்திருக்கும்வரை இடம் விடுபடாது. டிஸ்க் யூட்டிலிட்டியின் வியூ மெனுவில் ஏபிஎஃப்எஸ் ஸ்னாப்ஷாட்களைக் காட்டச் சொல்லி, அங்கேயே பழையவற்றை நீக்கலாம்.

லினக்ஸில் டிஎஃப் கட்டளை டிரைவ் நிறைந்தது என்கிறது, டியு கட்டளையோ அவ்வளவு ஃபைல்களே இல்லை என்கிறது. இப்படி முரண்பட்டால், அழித்த ஃபைலை ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருக்கிறது. பெயர் மட்டும் போயிருக்கிறது, இடம் போகவில்லை. எல்எஸ்ஓஎஃப் கட்டளையைக் கூட்டல் குறி, பெரிய எல், 1 என்ற தெரிவோடு கொடுத்தால் அப்படிப்பட்ட ஃபைல்களும் அவற்றைப் பிடித்திருக்கும் புரோகிராமும் தெரியும். தொங்கிப்போன எஃப்எஃப்எம்பெக் ஒன்று பெரும்பாலும் மாட்டும். அதை நிறுத்தினால் அந்தக் கணமே இடம் வந்துவிடும்.

மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனி அறைக்குள் ஓட்டும் டாக்கரில் என்கோடிங் செய்பவர்கள், வெளி ஃபோல்டரை இணைக்காமல் கன்டெய்னருக்குள்ளேயே எழுத விட்டால் டாக்கரின் சொந்த ஃபோல்டர்தான் வீங்கும். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வழியாக ஓட்டினால் உள்ளே அழித்த பிறகும் மெய்நிகர் டிஸ்க் ஃபைல் தானாகச் சுருங்காது. டபிள்யூஎஸ்எல்லை முழுதும் நிறுத்திவிட்டு, டிஸ்க்பார்ட்டில் அந்த ஃபைலைத் தேர்ந்து காம்பாக்ட் செய்ய வேண்டும்.

சொந்தப் படங்களை வீட்டுத் திரைகளுக்கு அனுப்பும் ஜெல்லிஃபின் சர்வர் வைத்திருந்தால் டிரான்ஸ்கோட்ஸ் ஃபோல்டரையும் பாருங்கள். படம் பார்ப்பவரைவிட வேகமாக என்கோடிங் ஓடினால் முழுப் படமும் துண்டுகளாக அங்கே சேரும். டேஷ்போர்டில் பிளேபேக் பகுதியில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திராட்டில் தெரிவை இயக்கி, பழைய துண்டுகளை அழிக்கும் தெரிவையும் இயக்குங்கள். முதலாவது இல்லாமல் இரண்டாவது வேலை செய்யாது.

இனி நிறையாமல் வைக்க

கேஷுக்கென்று தனி எஸ்எஸ்டி ஒன்று ஒதுக்குவதுதான் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த ஏற்பாடு. 500 ஜிபியோ 1 டிபியோ போதும். பிரீமியரின் மீடியா கேஷ், ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் டிஸ்க் கேஷ், ரிசால்வின் கேஷ்கிளிப் மூன்றையும் அங்கே திருப்பிவிடுங்கள். கேலரி ஃபோல்டரை மட்டும் பேக்கப் எடுக்கப்படும் டிரைவுக்கு மாற்றுங்கள். அதன் பிறகு அந்த எஸ்எஸ்டியில் இருப்பது எல்லாமே அழிக்கத்தக்கது என்று ஆகிவிடும், ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியதில்லை. பிரீமியரில் பழைய கேஷைத் தானாக அழிக்கும் தெரிவும் உண்டு. 90 நாள் என்று இருப்பதை 30 ஆகக் குறைக்கலாம்.

ஒன்டிரைவ் போன்ற கிளவுட் சேவை கண்காணிக்கும் ஃபோல்டருக்குள் ப்ராஜெக்டை வைக்காதீர்கள். பக்கத்தில் உருவாகும் பிரிவ்யூ ஃபைல்கள் எல்லாம் மேலே ஏறும்; இணைய வேகமும் போகும், கிளவுட் இடமும் போகும்.

வாடிக்கையாளர் ஒரு வருடம் கழித்து வந்து ஒரு பெயரை மாற்றச் சொன்னால் தேவைப்படுபவை மூல ஃபைல்கள், ப்ராஜெக்ட் ஃபைல், அதில் சேர்த்த பாட்டு, கிராபிக்ஸ், லட் (கலர் அமைப்பு ஃபைல்), ஃபான்ட், கடைசி எக்ஸ்போர்ட் இவ்வளவே. மற்ற எல்லாம் மறுபடி உருவாகும். டெலிவரி கொடுத்த வாரத்திலேயே அந்த ப்ராஜெக்டின் பிரிவ்யூவையும் ரெண்டர் கேஷையும் அழித்துவிடுங்கள். முழு டிரைவையும் அலசும் பெரிய சுத்தத்தை ஆடியிலும் மார்கழியிலும் வைத்துக்கொள்ளலாம். கல்யாணம் இல்லாத மாதங்கள், கேஷ் மறுபடி உருவாக நேரம் ஆனாலும் யாரும் காத்திருக்கப் போவதில்லை.

லினக்ஸில் எடிட் செய்பவர்களுக்கு இன்னும் ஒன்று. லினக்ஸின் வழக்கமான எக்ஸ்ட்4 வடிவ டிரைவில் 5% இடம் ரூட் என்ற நிர்வாகப் பயனருக்கென ஒதுக்கப்பட்டிருக்கும். 2 டிபி டிரைவில் அது 100 ஜிபி. சிஸ்டம் இல்லாத, வீடியோ மட்டும் வைக்கும் டிரைவுக்கு அவ்வளவு தேவையில்லை. டியூன்2எஃப்எஸ் கட்டளையில் சிறிய எம் தெரிவுக்கு 1 என்று கொடுத்தால், ஒரு ஃபைலும் அழிக்காமல் 80 ஜிபி உடனே கிடைக்கும்.